நோய் ஒன்று, சூட்டிய பெயர் வேறு!

மார்ச்சுத் திங்கள் 24 ஆம் நாள்.

1882 ஆம் ஆண்டு, அந்த நாளில், பெர்லின் நகரத்து அறிஞர் அவையிலே இராபர்ட் கோக் என்னும் மருத்துவர் எழுந்து நின்றார். மாள்வோரில் ஏழு பேருக்கு ஒருவரைக் கொண்டுபோகும் காசநோய், முன்வினைப் பயனுமன்று, குடும்பச் சாபமுமன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒரு கிருமியின் வேலை என்று மெய்ப்பித்துக் காட்டினார். உலகம் அந்நாளைக் காசநோய் நாள் என்று இன்றளவும் நினைவுகூர்கிறது.

2020 ஆம் ஆண்டு, அதே மார்ச்சு 24. இரவு எட்டு மணிக்குத் தலைமை அமைச்சர் தொலைக்காட்சியிலே தோன்றினார். நள்ளிரவு முதல் நாடெங்கும் ஊரடங்கு என்றார். நூற்று முப்பது கோடி மக்களுக்கு நான்கு மணி நேரத் தவணை!

காசநோய் நாளன்றே காசநோயாளியின் கதவும் சாத்தப்பட்டது. நாள் பொருந்தியது தற்செயல். அதை வைத்து எவர்மீதும் குற்றம் சாட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆனால், தோழர்களே, அந்நாளுக்குப் பின் இரண்டாண்டுகள் நடந்தது இருக்கிறதே, அது தற்செயல் அன்று.

கணக்கைப் பாருங்கள். 2019 ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் காசநோயாளர் எனக் கண்டறிந்து ஏட்டில் பதியப்பட்டோர் ஏறத்தாழ 24 இலட்சம் பேர். 2020 இல் அந்தத் தொகை 18 இலட்சமாகச் சுருங்கிற்று. ஓராண்டில் ஆறு இலட்சம் பேரைக் காணோம்! உலகம் முழுவதிலும் 71 இலட்சம் 58 இலட்சமாயிற்று. அந்தச் சரிவில் நூற்றுக்கு 41 பங்கு நம் நாட்டினுடையது.

நோய் குறைந்துவிட்டது என்று மகிழலாமா? ஏட்டிலே குறைந்தது, நாட்டிலே குறைந்ததா? அதே 2020 இல் உலகில் காசநோயால் மாண்டோர் தொகை, பத்தாண்டுகளுக்கு மேலாக இறங்கிக்கொண்டே வந்தது, முதன்முறையாக ஏறியது. 15 இலட்சம் உயிர்கள். கண்டறியப்படுவோர் குறைகிறார்கள், சாவோர் பெருகுகிறார்கள்! இந்தக் கணக்குக்கு விடை காணக் கணித மேதை தேவையில்லை. நோயாளர் இருந்தார்கள், இருமினார்கள், இளைத்தார்கள். அவர்களுடைய நோய்க்கு உரிய பெயரை எவரும் சொல்லவில்லை. அல்லது வேறு பெயரைச் சொன்னார்கள்.

ஆறு இலட்சம் பேரில் ஒரு பகுதியினர் மருத்துவமனைக்கே போகவில்லை. பேருந்து இல்லை, கூலி இல்லை, போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம், அதைவிடப் பெரிய அச்சம், இருமினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்பது. இருமல் ஒரு குற்றமாகிவிட்ட காலம் அது! அடகுக் கடையில் இருமினால் கடைக்காரர் எழுந்து உள்ளே ஓடினார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமலை விழுங்கிய தாய்மார் எத்தனை பேர்!

போகாதவர் நிலை அது. போனவர் நிலை என்ன? அதைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மருத்துவம் பயின்றவனல்லன். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டுவிட்டு மேடைக்கு வந்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த முறையிலே, ஒரு காட்சியாகக் காட்டுகிறேன். மாந்தர் கற்பனை, நிகழ்ச்சி, நாட்டில் எத்தனையோ ஊர்களில் நடந்தது.

2020, ஆனித் திங்கள். விசைத்தறிகள் நின்றுபோன ஊர். சாவடிக்கு எதிரே காய்ச்சல் முகாம். தலை முதல் கால்வரை வெள்ளை உறை அணிந்த ஊழியர். எதிரே தறித் தொழிலாளி ஒருவர், அவர் மனைவி.

ஊழியர்: காய்ச்சல் உண்டா?

தொழிலாளி: பொழுது சாய்ஞ்சா வருதுங்க.

ஊழியர்: இருமல்?

தொழிலாளி: இருக்குதுங்க.

மனைவி: ஐயா, இது இப்ப வந்த இருமல் இல்லீங்க. மாசி மாசத்திலிருந்தே இருமிட்டு இருக்கிறாருங்க. ராத்திரியில வேர்த்து, பாயே நனைஞ்சு போகுதுங்க...

ஊழியர்: தள்ளி நில்லுங்க அம்மா. பின்னால் வரிசை நிற்கிறது. முகத்தை நிமிர்த்துங்க அண்ணா.

மூக்கிலே குச்சி நுழைகிறது. காட்சி முடிகிறது. இரண்டு நாள் கழித்துக் கைப்பேசியில் செய்தி: நெகடிவ்.

தொழிலாளி: ஒண்ணும் இல்லையாம் புள்ள!

மனைவி: ஒண்ணும் இல்லைன்னா, இடுப்புல வேட்டி ஏன் நிக்க மாட்டேங்குது?

தோழர்களே, அந்த அம்மையார் படித்தவரல்லர். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவர்தான் கேட்டார்! மாசி முதல் ஆனி வரை நான்கு மாத இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு. இந்த நான்கும் காசநோயின் கொடியேற்றம் என்பது மாவட்ட மருத்துவமனைச் சுவரிலே வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிற பாடம். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமல் என்றால் சளியைச் சோதி! இது விதி. ஆனால் அந்த முகாமில் சளிக்குப் புட்டி இல்லை, குச்சிதான் இருந்தது. கேள்வித்தாளிலே 'எத்தனை வாரம்?' என்ற கேள்வி இல்லை. மூக்கைத் துழாவி எடுத்த பஞ்சு, கொரோனா உண்டா இல்லையா என்ற ஒன்றுக்குத்தான் விடை தரும். காசநோய்க் கிருமி நுரையீரலின் ஆழத்தில் குடியிருப்பது. அடிநெஞ்சிலிருந்து காறி உமிழும் சளியில்தான் அகப்படும். 'கொரோனா இல்லை' என்று சோதனை சொன்னது. 'நோயே இல்லை' என்று ஆட்சி எந்திரம் அதை மொழிபெயர்த்துக்கொண்டது!

சரி, சோதனை 'உண்டு' என்று சொல்லியிருந்தால்? அப்போதும் அவர் தப்பவில்லை. காய்ச்சலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இருமலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இனி எவர் சளியைக் கேட்கப்போகிறார்? ஒரு மனிதனுக்கு ஒரே நேரத்தில் இரு நோய்கள் வரலாகாது என்று எந்தச் சட்டமும் இல்லையே! பதினான்கு நாள் தனிமை முடிந்து வீடு திரும்புவார், இருமல் நிற்காது, 'கோவிடுக்குப் பின்வரும் இருமல், போகப் போகச் சரியாகும்' என்பார்கள். அது மூன்றாவது பெயர். ஒரு நோய்க்கு மூன்று பெயர் கிடைத்தது. அதன் சொந்தப் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

2021 இல் இரண்டாம் அலை வந்தபோது இது இன்னும் கொடிதாயிற்று. சளிச் சோதனைக்கு நாளில்லை என்று மக்கள் நெஞ்சுப் படம் எடுக்க ஓடினார்கள். நுரையீரலில் வெண்மைத் திட்டு தெரிந்தால் கொரோனா, அதற்கு மதிப்பெண், மதிப்பெண்ணுக்கு ஏற்ப மருந்து. காசநோய் பொதுவாக நுரையீரலின் மேற்பகுதியைக் குடையும், குழி பறிக்கும். கொரோனா பெரும்பாலும் இருபுறமும் ஓரங்களிலும் அடிப்புறத்திலும் படரும். நிதானமாகப் பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியக்கூடியதே. ஆனால் ஒரே இரவில் நூறு படம் பார்க்கும் கண்ணுக்கு? தவிர, காசநோயும் எல்லா நேரமும் பாடநூலின்படி நடந்துகொள்வதில்லை.

அந்த மதிப்பெண்ணின் பின்னால் வந்ததுதான் ஸ்டீராய்டு. மூச்சுத் திணறி ஆக்சிஜன் தேவைப்படுவோருக்கு டெக்சாமெத்தசோன் உயிர் காக்கும் என்று 2020 ஜூன் திங்களில் இங்கிலாந்தில் நடந்த பெரும் ஆய்வு காட்டியது, உண்மை. ஆனால் திணறாதவருக்கும் அதை வாரி வழங்கினார்கள். அந்த மருந்து உடலின் காவலரைத் தூங்கவைப்பது. கொரோனாவின் கொந்தளிப்பை அடக்க அது உதவும். உள்ளே காசநோய்க் கிருமி பதுங்கியிருந்தால்? காவலர் தூங்கும் வீட்டில் திருடனுக்கு ஏது தடை? தவறான பெயர், தவறான மருந்துக்கு வழிகாட்டியது. தவறான மருந்து, மெய்யான நோய்க்கு எரு இட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நம் தோழர்களிலே சிலர், 'மருத்துவர்கள் கோட்டை விட்டார்கள்' என்று மேடையிலே பேசிவிடுவார்கள், கைதட்டும் கிடைக்கும். அது அநியாயம். முகாமிலே நின்ற அந்த ஊழியர், உறைக்குள் வியர்வையில் நனைந்து, தண்ணீர் குடிக்கவும் வழியின்றி, நூறாவது மூக்கில் குச்சி விட்டவர். அவர் கையிலே எந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தார்களோ அதைத்தான் கேட்டார். கேள்வித்தாளை எழுதியவர் எவர்? காசநோய்க்கென்று இருந்த ஆய்வக ஊழியரையும் மேற்பார்வையாளரையும் கொரோனாப் பணிக்கு மாற்றி உத்தரவிட்டவர் எவர்? காசநோய்க் கிருமியைச் சில மணி நேரத்தில் காட்டும் பொறிகள், 'சிபிநாட்' என்றும் 'ட்ரூநாட்' என்றும் பெயர் கொண்டவை, நாடெங்கும் வாங்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ட்ரூநாட் கோவாவிலே நம் நாட்டார் செய்தது. மின்சாரம் நின்றாலும் மின்கலத்தில் ஓடுவது. சிற்றூர்க் காசநோயாளிக்கென்றே வந்தது. 2020 ஏப்ரல் முதல் அது கொரோனாச் சோதனைக்குத் திருப்பிவிடப்பட்டது. ஒரு ஏரியின் மதகைத் திறந்து இன்னொரு வயலுக்கு நீர் பாய்ச்சினால், முதல் வயல் காய்ந்ததற்குப் பயிரையா பழிப்பது?

'பேரிடர்க் காலம் ஐயா, வேறென்ன செய்ய முடியும்?' என்பார்கள். கேட்கத்தக்க கேள்விதான், தட்டிக்கழிக்கமாட்டேன். கொரோனாவை எதிர்க்கப் பொறி வேண்டும், ஆள் வேண்டும், படுக்கை வேண்டும். ஒருவரும் மறுக்கவில்லை. ஆனால் இரு நோய்க்கும் ஒரே வரிசையில் சோதனை செய்யமுடியாது என்று எவர் சொன்னது? ஒன்றிய அரசின் சுகாதாரத் துறையே 2020 ஆகஸ்டில் சுற்றறிக்கை விட்டது: காசநோயாளிக்குக் கொரோனாச் சோதனை செய்க, கொரோனா நோயாளியிடம் காசநோய் அறிகுறி கேட்க, நீடித்த இருமல் உள்ளவரிடம் இரண்டையும் தேடுக என்று! ஆக, அறியாமையால் நேர்ந்ததன்று. ஊரடங்கு போட்டு ஐந்தாவது மாதத்தில் தாள் வந்தது. தாள் வந்த வேகத்தில் புட்டி வரவில்லை, ஆள் வரவில்லை. ஆளவந்தார்க்கு நாள்தோறும் மாலையில் சொல்ல ஒரு தொகை தேவைப்பட்டது. அந்தத் தொகை கொரோனாத் தொகை. காசநோய்த் தொகையை எந்தத் தொலைக்காட்சியும் மாலையிலே கேட்கவில்லை. கேட்கப்படாத தொகையை எந்த அதிகாரி தேடுவார்?

நோய்க்குப் பெயர் தவறுவது புதிதன்று. 1917 இல் இங்கிலாந்திலே நோயுற்ற நம் கணித மேதை இராமானுசனுக்கு மருத்துவர்கள் பல பெயர் சொல்லிப் பார்த்து, இறுதியில் காசநோய் என்றார்கள். இன்ஃபுளுவென்சா உலகை வாரிச் சுருட்டிய 1918 இல் அவர் அங்கே நோயாளி. மாட்லக் என்னும் ஊரின் விடுதியில் குளிரிலே நடுங்கியவர். 1920 ஏப்ரல் 26 அன்று, முப்பத்திரண்டாம் வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். 1994 இல் யங் என்ற ஆய்வாளர் பழைய குறிப்புகளை அலசி, அது காசநோயாக இராது, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருந்திருக்கக்கூடும் என்று எழுதினார். உறுதியென்று இன்று எவரும் சொல்ல இயலாது. அவருக்குக் காசநோய் என்று தவறாகச் சொல்லியிருக்கலாம். நூறாண்டு கழித்து, காசநோயாளிக்கு வேறு பெயர் சொன்னோம். இராமானுசனுக்காக ஆராய ஒரு யங் வந்தார். தறித் தொழிலாளியின் குறிப்பை எவர் அலசுவார்? குறிப்பே இல்லையே!

அதே சேத்துப்பட்டு இன்னொன்றுக்கும் புகழ் பெற்றது. 1956 இல் அங்கே காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கிற்று. அந்நாளில் காசநோய் என்றால் மலையடிவார விடுதி, சத்துணவு, ஓய்வு. செல்வர்க்கே கிட்டும் மருத்துவம். ஏழைக்கு ஓலைக்குடிசை, காத்திருப்போர் பட்டியல், பின் பாடை. சென்னை ஆய்வாளர்கள் 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை விடுதியிலும் ஒரு பிரிவை அவரவர் குடிசையிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். குடிசையில் இருந்தவர் ஏறத்தாழ அதே அளவு குணம் பெற்றனர். உடனுறைந்த பிள்ளை குட்டிகளுக்கும் அதனால் கேடு மிகவில்லை. 1959 இல் முடிவு வெளிவந்தபின், விடுதிகளுக்கு வேலை குறைந்தது. உலகம் சென்னையின் வழியைப் பின்பற்றியது. நோயாளி வீட்டிற்கே மருத்துவம் போகவேண்டும் என்று உலகுக்குச் சொன்ன ஊர் இது!

அந்த ஊரிலேதான், 2020 இல், வீடு வீடாக ஆட்கள் சென்றார்கள். வெப்பமானி கொண்டுபோனார்கள், விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி கொண்டுபோனார்கள். ஒரு வீடு விடாமல் தட்டினார்கள். அறுபது ஆண்டுகளில் காசநோய்த் துறை கனவிலும் காணாத படை அது. அந்தப் படையின் பையிலே ஒரு சளிப் புட்டியும், வாயிலே 'எத்தனை வாரமாக?' என்ற ஒரு கேள்வியும் வைக்க எவ்வளவு செலவாகியிருக்கும்?

செய்யாமல் விட்டதன் விலையைச் சொல்கிறேன். மருந்து பெறாத ஒரு நுரையீரல் காசநோயாளி, ஓராண்டில் நெருங்கிப் பழகுவோரில் ஐந்து முதல் பதினைந்து பேர் வரை கிருமியைத் தரக்கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊரடங்கில் அந்தத் தொழிலாளி எங்கிருந்தார்? பத்துக்குப் பத்து அறையில், சன்னல் இல்லாச் சுவருக்குள், மனைவி மக்கள் மூவரோடு, இரவும் பகலும். வீட்டிலிரு, பாதுகாப்பாயிரு என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது!

2021 இலும் பதிவு 2019 இன் அளவைத் தொடவில்லை. 2022 இல் 24 இலட்சத்தைக் கடந்தது. 2023 இல் 25 இலட்சத்தையும் தாண்டிற்று. தேடியதும் கிடைத்தார்கள், ஏனெனில் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு நுரையீரலை இழந்தபின் கிடைத்தார்கள் என்பதற்கு மட்டும் ஏடு இல்லை.

இதற்கிடையே 2018 மார்ச்சில் தில்லி மாநாட்டில் முழங்கிய முழக்கம் ஒன்று உண்டு: உலகம் 2030 என்கிறது, நாங்கள் 2025 க்குள் காசநோயை ஒழிப்போம்! இலட்சம் பேருக்கு 44 பேராகப் புதுநோயைக் குறைப்பது இலக்கு. 2024 க்கு உலகச் சுகாதார நிறுவனம் தந்த மதிப்பீடு 187. 2025 வந்தது, போயிற்று. இறக்கமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2015 இல் 237 ஆக இருந்தது. ஆனால் சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கொரோனாவின் தலையிலே மட்டும் கொட்டி மூடப் பார்க்கிறார்கள். கொரோனா வந்தது உண்மை. கேள்வித்தாளை எழுதியது கொரோனா அன்று.

நல்லதையும் சொல்லவேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கிற்று. நோய் கண்டவுடனே எடை பார், மூச்சுத் திணறல் பார், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா பார்; முடியாவிட்டால் உடனே படுக்கையில் சேர். எளிய மூன்று சோதனை, செவிலியரே செய்யக்கூடியது. ஜார்க்கண்டில் நோயாளர் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வு, அக்குடும்பங்களில் புதிதாக நோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்ததாக 2023 இல் காட்டியது. அரிசியும் பருப்பும் மருந்தென்பது தறிக்காரரின் மனைவிக்கு வியப்பூட்டும் செய்தியன்று.

இனி, கிளைத் தோழர்களுக்கு. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாகப் போகிறீர்கள். அந்தக் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருமுவோர் உண்டா, எத்தனை வாரம் என்று கேளுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால், கொரோனாச் சோதனையில் ஒன்றுமில்லை என்று முன்பு சொல்லியிருந்தாலும், அவரை அழைத்துக்கொண்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே சளிச் சோதனைக்குக் கட்டணம் இல்லை, மருந்துக்கும் இல்லை. வீட்டிலுள்ள பெண்களைப் பேசவிடுங்கள். தேதி அவர்களுக்குத்தான் தெரியும். புட்டி கொடுத்தால், காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள். எச்சில் உதவாது; சளி வேண்டும். மூடியை இறுக்கி, அன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.